செய்முறை பார்க்காமல், வீட்டில் இருப்பதை வைத்துக் குழம்பு, பொரியல்: அளவும் வரிசையும் சொல்லுங்களேன்

கேள்வி: புது_அடுப்பு

வணக்கம். வீடியோ பார்த்துச் செஞ்சா சாப்பாடு நல்லாத்தான் வருது. ஆனா எந்த வீடியோவும் ஒரு சாமான் பட்டியலோடதான் ஆரம்பிக்குது, அதுல ரெண்டு சாமான் எப்பவும் வீட்டில் இருக்காது. செய்முறையை விட்டுட்டு கைக்கு வந்ததைப் போட்டா மூணு தொந்தரவு வருது: சாம்பார்ல தண்ணி தனியா பருப்பு தனியா நிக்குது, பொடியோட பச்சை வாசனை போக மாட்டேங்குது, காய் சில நாள் கொதிச்சுக்கிட்டே இருந்தாலும் வேகலை.

எனக்கு வேண்டியது செய்முறை இல்லை. எது எதுக்காகப் போடறோம், எவ்வளவு, எதுக்குப் பின்னாடி எது, இல்லாட்டி பதிலுக்கு என்ன. இது தெரிஞ்சா போதும்.

இப்ப ஃப்ரிட்ஜில் இருக்கறது: கத்தரிக்காய் 4, முருங்கைக்காய் 1, தக்காளி 2, கால் கிலோ பீன்ஸ், ரெண்டு நாள் புளிச்ச தயிர், அரை மூடி தேங்காய். டப்பாவில் பாசிப்பருப்பு, சாம்பார் பொடி, புளி. துவரம்பருப்பு இல்லை. ரெண்டு பேருக்குச் சமையல். கேஸ் அடுப்பு, 3 லிட்டர் குக்கர்.

---

அம்மிக்கல்

எந்தக் குழம்பா இருந்தாலும் நாலு வேலைதான் நடக்குது: புளிப்பு, காரப்பொடி, கெட்டி, தாளிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் இருந்தா குழம்பு தயார். எந்த ஆள்ங்கறது வீட்டில் என்ன இருக்குங்கறதைப் பொறுத்தது.

கீழே சொல்ற அளவு எல்லாம் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, கப் 240 மில்லி. வீட்டு ஸ்பூன் பலதும் இந்த அளவுக்குச் சரியா இருக்காது. ஒரு அளவு ஸ்பூன் செட் வாங்கிக்கிட்டா பாதிக் குழப்பம் தீரும்.

புளிப்பு. நெல்லிக்காய் அளவு புளின்னா சுமார் 10 கிராம், சின்ன எலுமிச்சை அளவுன்னா 20, பெரிய எலுமிச்சைன்னா 30. சாம்பார் ஒரு லிட்டர் இறக்கணும்னா 20 கிராம். கூட ரெண்டு தக்காளி போட்டா 10 கிராம் போதும். ரசத்துக்கும் லிட்டருக்கு 10 கிராம், ரெண்டு தக்காளி. காரக்குழம்பு, வத்தக்குழம்புக்கு 600 மில்லிக்கே 30 கிராம் வேணும், ஏன்னா அங்கே புளிப்பை இழுத்துப் பிடிக்கப் பருப்பு கிடையாது. புளியே இல்லைன்னா நாட்டுத் தக்காளி மூணு ஒரு நெல்லிக்காய் புளிக்கு ஈடு. பெங்களூர் தக்காளியில புளிப்பு குறைவு, அதை நம்பாதீங்க. பாதி மாங்காய் இருந்தா அதுவும் அந்த வேலையைச் செய்யும். எலுமிச்சை மட்டும் அடுப்பை அணைச்ச பிறகுதான், கொதிச்சா கசக்கும்.

பொடி. உங்க பச்சை வாசனைக்குக் காரணம் இங்கேதான் இருக்கும். சாம்பார் பொடி ரெண்டு விதம். வெயில்ல காய வச்சு மில்லில் அரைச்சது ஒண்ணு, வறுத்து அரைச்சது இன்னொண்ணு. முதல் வகை புளித்தண்ணியோட 8 முதல் 10 நிமிஷம் நல்லாக் கொதிக்கணும். வறுத்து அரைச்சதை இறக்கறதுக்கு 3, 4 நிமிஷம் முன்னாடி போட்டாலே போதும், ரொம்பக் கொதிச்சா மணம் போயிடும். எது உங்களோடதுன்னு தெரியலைன்னா துளி எடுத்து நாக்குல வைங்க. மாவு ருசி, பச்சை மல்லி ருசி வந்தா வறுக்காதது. அளவு, ஒரு லிட்டர் சாம்பாருக்கு 1 டேபிள்ஸ்பூன். பொடி தீர்ந்துபோச்சுன்னா மல்லித்தூள் 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், சீரகத்தூள் கால் டீஸ்பூன். மல்லி ரெண்டு பங்கு, மிளகாய் ஒரு பங்குங்கற கணக்கு மனசுல இருந்தா எந்தக் குழம்புக்கும் கை நீளும்.

கெட்டி. சாம்பார்ல இதுக்கு ஆள் பருப்பு. அரை கப், அதாவது சுமார் 100 கிராம், ஒரு லிட்டருக்கு, நாலு பேருக்கு. தண்ணி தனியா நிக்குதுன்னா பருப்பு மசியலைன்னு அர்த்தம். முழுசா இருக்கிற பருப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்காது. வெந்ததும் மத்தால நல்லாக் கடைஞ்சு, ஒரு பருப்பு கூட முழுசா தெரியாத பதத்துக்கு வந்த பிறகுதான் சேர்க்கணும். சேர்த்த பிறகும் 5 நிமிஷம் சேர்ந்து கொதிக்கணும், அப்பதான் ஒண்ணாகும். அதுக்கப்புறமும் நீர்த்திருந்தா அரிசி மாவு 1 டீஸ்பூனைக் கால் கப் பச்சைத்தண்ணியில கரைச்சு ஊத்தி 3 நிமிஷம் கொதிக்க விடுங்க. மாவை நேரா கொதிக்கிற குழம்புல தூவினா உருண்டை கட்டும். ஆறினா இன்னும் இறுகும்ங்கறதால அடுப்புல இருக்கும்போது கொஞ்சம் தளர்வாவே இறக்குங்க.

பருப்பே இல்லாத நாளுக்கு: தேங்காய் கால் கப்போட பொட்டுக்கடலை 1 டேபிள்ஸ்பூன் சேர்த்து அரைச்சது. அதுவும் இல்லைன்னா குழம்புல வெந்த காய்லயே நாலு துண்டை எடுத்து மசிச்சு விடுங்க. பூசணி, கத்தரி, உருளை இதுக்கு நல்லா ஒத்துவரும்.

வரிசை. காய் வேகாததுக்குக் காரணம் புளி. புளிப்பு சேர்ந்த தண்ணியில காயோட பெக்டின், அதாவது காயை இறுக்கிப் பிடிச்சு வைக்கிற பசை, இளகாது. அரை மணி நேரம் கொதிச்சாலும் கடுக்கு கடுக்குன்னுதான் இருக்கும். அதனால காயை முதல்ல மூழ்குற அளவு தண்ணி, கொஞ்சம் உப்பு, மஞ்சள்தூளோட முக்கால் பதம் வேக விட்டு, அப்புறம் புளித்தண்ணி, பொடி. அது கொதிச்சுப் பச்சை வாசனை போன பிறகு பருப்பு. கடைசியில தாளிப்பு.

வெண்டைக்காய் மட்டும் இந்த விதிக்கு வெளியே. அதுக்குக் கொழகொழப்புதான் பிரச்சினை, புளி அதை அடக்கும். ஈரம் துடைச்சு நறுக்கி, மூடாம எண்ணெயில 6 முதல் 8 நிமிஷம் நூல் அறுகிற வரை வதக்கி, நேரா புளித்தண்ணியில போடலாம்.

மத்தக் காய்களுக்குத் திறந்த பாத்திரத்துல தோராய நேரம்: கத்தரி, சுரை, பூசணி 6 முதல் 8 நிமிஷம், முள்ளங்கி, கேரட் 8 முதல் 10, முருங்கை 10 முதல் 12, உருளை விரல்மொத்தத் துண்டுன்னா 12 முதல் 15. ரெண்டு காய் கலந்து போட்டா நேரம் எடுக்கிறதை முதல்ல போட்டு, வித்தியாச நிமிஷம் கழிச்சு அடுத்தது. சேப்பங்கிழங்கை மட்டும் தனியா தோலோட வேக வச்சு உரிச்சுக்குங்க.

தாளிப்பு. எண்ணெய் காயணும், புகையக் கூடாது. ஒரு கடுகைப் போட்டுப் பாருங்க, உடனே வெடிச்சா மீதியைப் போடலாம். கடுகு வெடிச்சு அடங்கினதும் உளுத்தம்பருப்பு, அது பொன்னிறம் ஆனதும் வெந்தயம், அடுத்து காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெந்தயம் கால் டீஸ்பூனுக்கு மேல வேண்டாம், சிவந்த உடனே அடுத்த சாமானைப் போடுங்க. கருகின வெந்தயத்தோட கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. கருகிட்டா அந்த எண்ணெயைக் கொட்டிட்டு வேற தாளிங்க, குழம்புல ஊத்தி ஒரு லிட்டரையும் கெடுக்காதீங்க.

---

சோம்பு_வேண்டாம்

@அம்மிக்கல் வறுக்காத பொடியைத் தண்ணியில 10 நிமிஷம் கொதிக்க விடறதுக்குப் பதிலா எண்ணெயில வதக்கினா வேகமா வாசனை போகும். வெங்காயம் தக்காளி வதங்கினதும் தீயைச் சிம்முல வச்சுப் பொடியைப் போட்டு 30 விநாடி பிரட்டி, உடனே கால் கப் தண்ணி. நிறமும் நல்லா எழும். காரக்குழம்புக்கு இதுதான் சரி.

---

அம்மிக்கல்

காரக்குழம்புக்குச் சரிதான், அங்கே 3 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் இருக்கு, தக்காளி ஈரமும் இருக்கு. சாம்பாருக்கு ஒண்ணரை டீஸ்பூன் எண்ணெயில ஒரு டேபிள்ஸ்பூன் பொடியைப் போட்டா 30 விநாடி தாங்காது, 10 விநாடியிலயே அடிப்பிடிச்சு மிளகாய் நெடி வீடு முழுக்க அடிக்கும். எண்ணெய் குறைவா இருந்தா தண்ணியிலதான் வேக விடணும். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண சட்டியில இருக்கிற எண்ணெயைப் பாருங்க: போட்ட பொடி முழுசா நனைஞ்சா வதக்கலாம், உலர்ந்த பொடி மேலே தெரிஞ்சா வேண்டாம்.

---

கல்லுப்பு_கைப்பிடி

உப்பு யாரும் சொல்லலையே, அங்கேதானே எல்லாரும் வழுக்கறது.

தூள் உப்பு ஒரு டீஸ்பூன் கிட்டத்தட்ட 6 கிராம். சாம்பாருக்கு லிட்டருக்கு ஒண்ணரை முதல் ரெண்டு டீஸ்பூன். சாதத்துல பிசையும்போது உப்பு பரவிக் குறையுது, அதனால தனியா ருசி பார்க்கும்போது "கொஞ்சம் தூக்கலா இருக்கே"ன்னு தோணுற அளவுதான் சரி. இட்லி, தோசைக்குத் தொட்டுக்கறதுன்னா தனியா ருசி பார்க்கும்போதே சரியா இருக்கணும். கல்லுப்புல மணிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கறதால அதே ஸ்பூன்ல எடை குறைவாதான் பிடிக்கும். அளவு மணியைப் பொறுத்து மாறும். அதனால கல்லுப்புக்காரங்க ஒரே பிராண்டு, ஒரே கரண்டின்னு வச்சுக்கிட்டா கை பழகிடும்.

எப்ப போடறதுன்னா, காய் வேகும்போது பாதி, பருப்பு சேர்ந்த பிறகு ருசி பார்த்து மீதி. கீரைக்கு மட்டும் வதங்கி அடங்கின பிறகுதான் உப்பு. ஒரு கட்டு முளைக்கீரை நறுக்கினா சட்டி கொள்ளாது, வெந்தா ஒரு கிண்ணம். சட்டியைப் பார்த்து உப்புப் போட்டா வாயில வைக்க முடியாது.

---

புது_அடுப்பு

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். உப்பு கூடிட்டா உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தா குறையும்னு சொல்றாங்களே? புளிச்ச தயிரை வச்சு மோர்க்குழம்பு வச்சா எப்பவும் திரிஞ்சு திட்டுத்திட்டா நிக்குது, என்ன பண்ணணும்?

---

கல்லுப்பு_கைப்பிடி

உருளை கதை நம்ப வேண்டாம். உருளை உப்பை மட்டும் தேடிப் பிடிக்காது, உப்புத்தண்ணியைத்தான் குடிக்கும். அது குடிச்ச தண்ணியோட உப்பும் போகும், மீதி இருக்கிற குழம்போட கரிப்பு அப்படியேதான் நிக்கும். அரிசிமாவு உருண்டையும் அதே கதைதான். உப்பில்லாத ஏதாவது சேர்ந்தாதான் குறையும். கணக்கு நேரானது: ஒரு லிட்டருக்கு 2 டீஸ்பூன் போட வேண்டிய இடத்துல 3 விழுந்திருந்தா, இன்னும் அரை லிட்டர் உப்பில்லாத சரக்கு வேணும். வெறும் தண்ணின்னா புளிப்பு, காரம், கெட்டி எல்லாமே நீர்த்துப்போகும். சாம்பாருக்கு உப்பு போடாம வேக வச்ச கால் கப் பருப்பைத் தண்ணியா கடைஞ்சு ஊத்துங்க, காரக்குழம்புக்குத் தேங்காய்ப்பால். கூடவே பொடி அரை ஸ்பூன், புளி கொஞ்சம்.

புளிப்பு கூடிட்டா வெல்லம் அரை டீஸ்பூன்ல ஆரம்பிச்சு ருசி பார்த்துக்கிட்டே போங்க. வெல்லம் புளிப்பை அழிக்காது, மறைக்கும். அதனால ரொம்பப் புளிச்சா அதையும் நீர்க்க வைக்கத்தான் வேணும். காரம் கூடினா தேங்காய்ப்பாலோ நெய்யோ. மிளகாயோட காரம் கொழுப்புல கரையும், தண்ணியில கரையாது. அதனாலதான் தண்ணி குடிச்சா வாய் எரிச்சல் நிக்கறதில்லை.

---

தாமிரபரணிக்கரை

மோர்க்குழம்புக்கு நான் சொல்றேன்.

தயிர் திரியறது சூட்டுல அதோட புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகறதால. நடுவுல மாவுச்சத்து இருந்தா ஒட்ட விடாது. அதுக்குத்தான் துவரம்பருப்பையோ பச்சரிசியையோ ஊற வச்சு அரைக்கறது. ருசிக்குன்னு நினைச்சுத் தவிர்க்கறவங்களுக்குத்தான் திரியும். ரெண்டு கப் தயிருக்கு 1 டேபிள்ஸ்பூன் துவரம்பருப்பும் 1 டீஸ்பூன் பச்சரிசியும் அரை மணி நேரம் ஊறணும். அதோட தேங்காய் கால் கப், பச்சை மிளகாய் 4, சீரகம் அரை டீஸ்பூன், இஞ்சி சுண்டுவிரல் நகமளவு. நைசா அரைங்க. உங்ககிட்ட துவரம்பருப்பு இல்லையே, கடலை மாவு 1 டேபிள்ஸ்பூன் தயிர்லயே கட்டியில்லாம அடிச்சாலும் போதும்.

தயிரை ஒரு கப் தண்ணி விட்டு மத்தால கடைஞ்சு, அரைச்ச விழுதையும் அதுலயே கலந்துக்கிடுங்க. காயை (வெண்டை, பூசணி, சேம்பு எதுன்னாலும்) தனியா மஞ்சளும் உப்பும் போட்டு வேக வச்சு, தண்ணியை வடிச்சிட்டு அந்தச் சட்டியில தயிர்க் கலவையை ஊத்துங்க. தீ முழுக்கச் சிம்முலதான். விடாம ஒரே திசையில கிளறணும்னு சொல்லுவாங்க, திசையில ஒண்ணுமில்ல, விடாம கிளறுறதுதான் விஷயம். ஓரத்துல வெள்ளையா நுரை கட்டி, நடு உயர ஆரம்பிக்கும் பாருங்க, அந்த நிமிஷம் அடுப்பை அணைக்கணும். தள தளன்னு ஒரு கொதி வந்தாலும் முடிஞ்சுது. உடனே மூடி போடாம திறந்தே வைங்க, மூடினா சூடு சட்டிக்குள்ளேயே நின்னு மேலும் வேக வைக்கும்.

தாளிப்பு தேங்காய் எண்ணெயில. மறுநாள் சூடு பண்ணணும்னா கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள குழம்புப் பாத்திரத்தை வச்சுச் சூடாக்குங்க, நேரா அடுப்புல வேண்டாம். திரிஞ்சிட்டா? மிக்ஸியில ஒரு சுத்து விட்டு, அரை டீஸ்பூன் அரிசிமாவு கரைச்சு ஊத்திச் சிம்முல ஒரு நிமிஷம். பழைய பதம் வராது, ஆனா பந்தியில வைக்கலாம்.

புளியும் பொடியும் ரெண்டுமே இல்லாத அன்னைக்கு எங்க பக்கத்துச் சொதியை நினைச்சுக்கிடுங்க. பாசிப்பருப்பு கால் கப் குழைய வேகணும். கேரட், பீன்ஸ், உருளை, முருங்கை எது கிடைக்கோ அது ரெண்டு கப், ரெண்டாம் மூணாம் தேங்காய்ப்பால்ல வேகணும். இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைச்சது 1 டேபிள்ஸ்பூன். வெந்ததும் பருப்பு, கடைசியா முதல் பால், அது கொதிக்காம சூடேறினா போதும், கொதிச்சா பால் பிரிஞ்சு எண்ணெயா மிதக்கும். அணைச்ச பிறகு எலுமிச்சைச் சாறு ஒரு பழம். புளிப்பு எலுமிச்சைலேருந்து, கெட்டி பருப்புலேருந்தும் பால்லேருந்தும், காரம் பச்சை மிளகாய்லேருந்து. அம்மிக்கல் சொன்ன அதே நாலு வேலை, ஆள்தான் வேற.

---

வடைச்சட்டி

பொரியலுக்கு நான். எண்ணெய், தாளிப்பு, காய், உப்பு, தேங்காய்னு எல்லாருக்கும் தெரியும். தடுமாறுற இடம் தண்ணிதான்.

கோஸ், சுரை, பூசணி, புடலை, கீரை: தண்ணியே வேண்டாம். உப்புப் போட்டதும் தானே விடும், கீரை வதங்கும்போதே விடும். மூடி போட்டா அவிஞ்சு கூழாகும், பாதி மூடினா போதும். பீன்ஸ், கொத்தவரை, கேரட், பீட்ரூட்: கால் கிலோவுக்குக் கால் கப் தண்ணி தெளிச்சு மூடிச் சிம்முல 8 முதல் 10 நிமிஷம்; கொத்தவரைக்கு இன்னும் 3, 4 நிமிஷம் கூட. வாழைக்காய், உருளையைத் தனியா வேக வச்சு வதக்கறது சுலபம். பாகற்காய், வெண்டைக்குத் தண்ணி காட்டவே கூடாது, எண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன், திறந்த சட்டி.

வெந்தபிறகு தண்ணி நின்னா தேங்காய் போடாதீங்க. தீயைக் கூட்டி, திறந்து, சுண்ட விட்டு அப்புறம் போடுங்க. ஈரத்துல போட்ட தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும். கால் கிலோ காய்க்கு உப்பு முக்கால் டீஸ்பூனுக்குக் கீழே, தேங்காய் 3 டேபிள்ஸ்பூன். தேங்காய் இல்லையா, பொட்டுக்கடலையை மிக்ஸியில ஒரு சுத்து விட்டு 2 டேபிள்ஸ்பூன் தூவுங்க. மீதி ஈரத்தையும் அது இழுத்துக்கும்.

காய் ரொம்பக் கொஞ்சமா, ஆளுக்கு ரெண்டு கரண்டி கூட வராத அளவு இருந்தா பொரியல் வேண்டாம், துவையல் பண்ணுங்க. பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல், கோஸ் நடுத்தண்டு, கொத்தமல்லிக் காம்பு, குப்பைக்குப் போற எல்லாமே ஆகும். வதக்கின காய் ஒரு கப்னா உளுத்தம்பருப்பு 2 டேபிள்ஸ்பூன் (சிம்முல பொன்னிறமா), காய்ஞ்ச மிளகாய் 4, புளி அரை நெல்லிக்காய், உப்பு அரை டீஸ்பூன். அரைக்கிற வரிசை முக்கியம்: முதல்ல மிளகாய், புளி, உப்பு, அடுத்து காய், பருப்பு கடைசியில, ரெண்டே சுத்து. பருப்பை முதல்லயே போட்டா மாவாகி துவையல் களி மாதிரி ஆயிடும். தண்ணி ஊத்தாதீங்க, சுத்தலைன்னா ஒரு ஸ்பூன் மட்டும்.

---

கொங்கு_வட்டில்

எல்லாரும் குழம்பு, பொரியல்னு ரெண்டு சட்டி சொல்றீங்க. ஒரே குக்கர்ல முடிக்கணும்னா அரிசியும் பருப்பும் சாதம் இருக்குதுங்களே. அரிசி ஒரு கப், துவரம்பருப்பு கால் கப், தண்ணி மூணேகால் கப். பழைய அரிசின்னா மூணரை. சின்ன வெங்காயம் 12, பூண்டு 6, தக்காளி 1, சாம்பார் பொடி 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், மஞ்சள், உப்பு ஒண்ணேகால் டீஸ்பூன். தாளிச்சு வதக்கி, தண்ணி கொதிச்ச பிறகு அரிசி பருப்பைப் போட்டு மூடுங்க. 3 விசில், ஆவி தானா அடங்கணும். பாசிப்பருப்புலயும் ஆகும், கொஞ்சம் குழைவா வருமுங்க. மேலே தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன்.

குக்கர் பத்தி ஒண்ணு. பருப்போ பருப்பு கலந்த சாதமோ வைக்கும்போது குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பாதீங்க, நுரை ஏறி விசில் துவாரத்தை அடைக்கும். விசில் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீங்க, தீயைப் பொறுத்து அது மாறும். முதல் விசிலுக்குப் பிறகு சிம்முல நிமிஷக் கணக்கு: துவரை 10 முதல் 12, பாசி 5. போர் தண்ணி ரொம்ப உப்பா, கடினமா இருக்கிற ஊர்ல பருப்பு எவ்வளவு நேரமானாலும் மசியாது. அதுல இருக்கிற கால்சியம்தான் காரணம். குடிக்கிற தண்ணியில வேக வச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

---

அம்மிக்கல்

@புது_அடுப்பு உங்க ஃப்ரிட்ஜுக்கு நேரா வர்றேன். ரெண்டு பேருக்கு, 40 நிமிஷம்: கத்தரி முருங்கை பாசிப்பருப்பு சாம்பார், பீன்ஸ் பொரியல்.

கால் கப் பாசிப்பருப்பைக் கழுவி, முக்கால் கப் தண்ணி, மஞ்சள்தூள் துளி, எண்ணெய் ரெண்டு சொட்டோட ஒரு கிண்ணத்துல போட்டு, குக்கர் அடியில ஒண்ணரை கப் தண்ணி ஊத்தி அதுக்குள்ள வைங்க. இவ்வளவு கொஞ்சப் பருப்பை நேரா குக்கர்ல போட்டா அடிப்பிடிக்கும். கிண்ணத்துல வச்சா வேக நேரம் கொஞ்சம் கூடும், முதல் விசிலுக்குப் பிறகு சிம்முல 8 நிமிஷம். அது வேகற நேரத்துல 5 கிராம் புளியை ஒரு கப் வெந்நீர்ல போட்டுட்டு, பீன்ஸை நறுக்குங்க.

கத்தரி ரெண்டு போதும், நறுக்கி உப்புத்தண்ணியில போடுங்க, கறுக்காது. மீதி ரெண்டை நாளைக்கு வைங்க. முருங்கையை விரல் நீளம். சட்டியில ஒண்ணரை கப் தண்ணி கொதிச்சதும் முருங்கை, அரை டீஸ்பூன் உப்பு. 5 நிமிஷம் கழிச்சு கத்தரியும் ஒரு தக்காளியும். இன்னொரு 5 நிமிஷத்துல கத்தரித் துண்டைக் கரண்டியால அழுத்தினா லேசா அமுங்கும். அந்தப் பதத்துல புளிக்கரைசலும் சாம்பார் பொடி 2 டீஸ்பூனும். பாசிப்பருப்பு துவரையை விட மென்மையான ருசி, புளிப்பு சட்டுனு தூக்கிக் காட்டும். அதனால கரைசலை முழுசா ஊத்தாம முக்கால் பங்கு ஊத்தி, கொதிச்ச பிறகு ருசி பார்த்து மீதியை முடிவு பண்ணுங்க. 8 நிமிஷம் கொதிக்கட்டும். கடைஞ்ச பருப்பு, ருசி பார்த்து மீதி உப்பு, 5 நிமிஷம், தாளிப்பு.

அளவைப் பாதியாக்கும்போது ஒண்ணு கவனிங்க: சாமான் பாதியாகும், ஆனா ஆவியாப் போற தண்ணி பாதியாகாது. அதே சட்டி, அதே தீ, அதே நிமிஷம். அதனால ரெண்டு பேர் சாம்பார் சீக்கிரமே இறுகும். பக்கத்துல அரை கப் வெந்நீர் வச்சுக்குங்க, பச்சைத்தண்ணி ஊத்தினா கொதி நின்னுபோய் நேரம் இழுக்கும்.

தயிரை இன்னைக்குத் தொட வேண்டாம். நாளைக்கு அரை மூடி தேங்காய்ல பாதியைப் போட்டு மோர்க்குழம்பு, மீதி கத்தரியை எண்ணெயில வதக்கிக் கறி.

---

புது_அடுப்பு

வச்சாச்சு. தண்ணி பிரியலை, முருங்கை நல்லா வெந்திருக்கு. பொடி நாக்குல வச்சுப் பார்த்தேன், பச்சை மல்லி ருசிதான், வறுக்காத பொடி. கடைசியா ஒண்ணு: மீந்த சாம்பார் எத்தனை நாள் வைக்கலாம்?

---

அம்மிக்கல்

பருப்புச் சாம்பாரை வெளியே வச்சா வெயில் காலத்துல ராத்திரிக்குள்ளயே புளிச்சு நுரைக்கும். சூடு அடங்கினதும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அகலமான டப்பாவில் மாத்தி ஃப்ரிட்ஜில் வைங்க, ரெண்டு நாள் தாங்கும். எடுக்கும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்துக் கொதிக்க விடுங்க, முழுசையும் சூடு பண்ணித் திருப்பி வைக்காதீங்க. தேங்காய் அரைச்சுவிட்ட குழம்பு மறுநாளே தீரணும். தேங்காய் இல்லாத காரக்குழம்பு எண்ணெயும் புளியும் தாராளமா இருந்தா ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரும், ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.